என் நிலம், என் போர் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

தோட்டத்து மோட்டார்களுக்கும் கரண்ட் மீட்டர் வைப்பதில் தவறில்லை என்று போன வாரம் எழுதியிருந்தீர்கள். நான் தாராபுரம் பக்கம் எட்டு ஏக்கர் வைத்திருப்பவன். என் பட்டா நிலத்தில் என் காசைப் போட்டு ஓட்டிய போர், அதாவது ஆழ்துளைக் கிணறு. மூன்று தடவை வெறும் புகை. நாலாவதில் 850 அடியில்தான் தண்ணீர். நஷ்டத்தில் பங்குக்கு வராத அரசு, தண்ணீர் வந்ததும் கணக்குக் கேட்க வருவது என்ன நியாயம்? தனிமனித சுதந்திரத்தைப் பற்றி ஓயாமல் எழுதுகிற உங்களிடம் இதை எதிர்பார்க்கவில்லை.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

புகையாகப் போன போரின் வலி எனக்குத் தெரியும். பெரியப்பா தோட்டத்தில் ரிக் வண்டி ஓடிய ராத்திரி, அவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து விடிய விடிய அடிக்கணக்கை எண்ணிக்கொண்டிருந்தார். தண்ணீருக்குப் பதில் கல்தூள்தான் வெள்ளை மாவாக வந்துகொண்டே இருந்தது. அடிக்கு இவ்வளவு என்று கூலி ஏறுகிறது, நிறுத்தச் சொல்லவும் மனசு வரவில்லை. "இன்னொரு அம்பது ஓட்டுப்பா" என்று நாலு தடவை சொன்னார்.

அவர் ஏன் போர் போட வேண்டி வந்தது? அவருடைய கிணறு 80 அடி, தாத்தா மாடு கட்டிக் கவலை ஓட்டி இறைத்தது. கிழக்கே இருந்த தோட்டத்துக்காரர் 600 அடி ஓட்டினார். அடுத்த கோடையில் எங்கள் கிணற்றில் சேறுதான் மிச்சம். வக்கீலைப் பார்த்தோம். 1882ஆம் வருடத்து ஈஸ்மென்ட் சட்டத்தை எடுத்துக் காட்டினார்: தனி ஓடையாக ஓடாமல் மண்ணுக்கடியில் பரவிக் கிடக்கும் தண்ணீரை எடுத்துக்கொள்ள அந்தந்த நிலத்துக்காரருக்கு உரிமை உண்டு. நீங்கள் சொல்லும் அதே சுதந்திரம். பெரியப்பாவுக்கும் அது இருந்தது, 80 அடி வரைக்கும்.

அப்புறம், அரசு இனிமேல்தான் உங்கள் தோட்டத்துக்குள் வரப்போகிறது என்பதுபோல எழுதியிருக்கிறீர்கள். அது மின்சார சர்வீஸ் கம்பி வழியாக எப்போதோ வந்துவிட்டது. 1984-ல் எம்.ஜி.ஆர். அரசு சிறு விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் கொடுத்தது. 1989-ல் வந்த கருணாநிதி அரசு எல்லா விவசாயிகளுக்கும் என்று விரித்தது. அதைக் குறை சொல்லவில்லை. விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு காலத்தில் கோவைத் தெருக்களில் மாட்டு வண்டிகளை நிறுத்திப் போராடிய உழவர்கள், துப்பாக்கிச் சூட்டில் உயிரும் கொடுத்தார்கள். ஆனால் 850 அடி ஆழத்திலிருந்து தண்ணீரைத் தூக்கும் கரண்டுக்கு நீங்களே பில் கட்டுவதாக இருந்தால், அதே வெள்ளாமை வைப்பீர்களா? கம்பி வேண்டும், கணக்கு வேண்டாம் என்பதை நான் சுதந்திரம் என்று சொல்ல மாட்டேன்.

சரி, அதிகாரிகள் கையில் கொடுத்துவிடலாமா? அதிலும் எனக்கு நம்பிக்கை குறைவு. 2003-ல் நிலத்தடி நீருக்கென்று சட்டமன்றத்தில் சட்டம் நிறைவேற்றினார்கள், 2013-ல் அவர்களே ரத்து செய்தார்கள். போர் போட லைசென்ஸ் என்று வந்தால் அது முதலில் யாருக்குக் கிடைக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதே 2003-ல் வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பு என்று கெடு வைத்தபோது நானும் முணுமுணுத்துக்கொண்டேதான் குழி வெட்டினேன். அந்தக் குழி இன்னும் வேலை செய்கிறது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

எனக்குப் பிடித்த உதாரணம் மகாராஷ்டிரத்தில் அகமதுநகர் (இப்போது அகில்யாநகர்) பக்கம் இருக்கும் ஹிவரே பஜார். மழை குறைந்த ஊர். பாசனத்துக்குப் போர் போடக் கூடாது, கரும்பும் வாழையும் கூடாது என்று கிராம சபையே கூடி முடிவெடுத்தது. வருடா வருடம் எவ்வளவு மழை பெய்தது, எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று கணக்குப் பார்த்து, அதற்குத் தக்க பயிர் வைக்கிறார்கள். அங்கேயும் ஒருவருடைய உரிமை சுருங்கத்தான் செய்தது. ஆனால் சுருக்கியவர் பக்கத்து வரப்புக்காரர். அவர் நிலத்துக்கும் அதே விதிதான். மீட்டர் வேண்டும் என்று நான் எழுதியதும் இப்படி அளந்து பார்ப்பதற்காகத்தான், பில் போடுவதற்காக இல்லை.

நாலாவது போரில் இப்போது எத்தனை இஞ்சு தண்ணீர் வருகிறது என்று நீங்கள் எழுதவில்லை. பக்கத்துத் தோட்டத்துக் கிணறு எப்படி இருக்கிறது என்பதையும் எழுதவில்லை. அடுத்த கடிதத்தில் இரண்டையும் எழுதுங்கள்.