புகைத்தால் கருப்பைக் கழுத்தில் புற்றுநோய் வருமா?

"புகை போறது நெஞ்சுக்குள்ள, அதுக்கும் கருப்பைக்கும் என்ன தொடர்பு?" என்று கேட்டிருக்கிறீர்கள், தங்கச்சி. தொடர்பு உண்டு. எனக்குத் தெரிந்த பெண்களில் பலருக்கு இது தெரியாது என்பதுதான் என் கவலை.

இந்தப் புற்றுநோய்க்கு மூலகாரணம் எச்.பி.வி. என்ற வைரஸ். பெரும்பாலும் ஒன்றிரண்டு வருடங்களில் உடம்பே அதை விரட்டிவிடும். ஆனால் புகையிலை நஞ்சு நுரையீரலோடு நிற்காது. இரத்தத்தில் கலந்து எங்கும் போகும். புகைக்கும் பெண்களின் கருப்பைக் கழுத்துச் சளியிலேயே நிக்கொட்டினைக் கண்டிருக்கிறார்கள். அந்த இடத்தின் எதிர்ப்புச் சக்தி குறைய, வைரஸ் அங்கேயே தங்கிவிடுகிறது, கலங்களின் டி.என்.ஏ.யும் பழுதாகிறது. புகைக்காதவர்களோடு பார்த்தால் ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்கு.

"எங்கட பெண்கள் சிகரெட் குடிக்கிறதில்லையே" என்பீர்கள். என் ஆச்சி பின்னேரம் கோடிப்பக்கம் குந்தியிருந்து சுருட்டுப் பத்துவா. தோட்டத்துப் புகையிலை, சீலைத் தலைப்பில் முடிந்த தீப்பெட்டி. சுருட்டும் புகைதான். விட்டால் ஆபத்து மெல்ல மெல்லக் குறையும், எந்த வயதிலும்.

35 வயதானால் உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள். வெல் வுமன் கிளினிக் என்ற பெண்கள் நல மருத்துவ நிலையத்தில், கருப்பைக் கழுத்துக் கலங்களைச் சோதிக்கும் பாப் பரிசோதனை இலவசம். இலங்கையில் 2017இலிருந்து ஆறாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்குப் பாடசாலையில் எச்.பி.வி. தடுப்பூசி போடுகிறார்கள், மகளுக்குத் தவறவிடாதீர்கள். மாதவிடாய் நின்றபிறகோ, உறவுக்குப் பிறகோ இரத்தம் பட்டால் வெட்கப்படாமல் அந்தக் கிழமையே டொக்டரிடம் போங்கள்.