டார் ரிலேவுக்கு ஏற்ற குட்டிக் கணினி

கேள்வி: வீட்டில் டார் ரிலே ஒன்றை இரவு பகலாக ஓட்ட ஆசை. ராஸ்பெர்ரி பை 4 குட்டிக் கணினி போதுமா? கரண்ட் பில் எகிறுமா? – வாசகி, கோவை

பதில்: நல்ல ஆசை, தாராளமாகச் செய்யுங்கள். டார் என்பது இணையத்தில் ஆள் யாரென்று தெரியாதபடி தகவலைப் பல கணினிகள் வழியே அனுப்பும் வலையமைப்பு; அப்படிக் கைமாற்றிவிடும் ஒரு கணினிதான் ரிலே. 5 வாட் என்று வைத்தாலும் மாதம் 4 யூனிட்டைத் தாண்டாது.

டாரின் வேலையே ஓயாமல் குறியாக்கம் செய்வதுதான், அதாவது தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றுவது. பை 4 சிப்பில் ஏஇஎஸ் என்ற குறியாக்க முறைக்கான தனி வசதி கிடையாது, பை 5-ல் உண்டு. புதிதாக வாங்குவதென்றால் பை 5 வாங்குங்கள். கையில் இருப்பது பை 4 என்றால் அதிலேயே தொடங்கலாம், சாதாரண வீட்டு இணைப்புக்கு அது போதும். டார் பெரும்பாலும் சிப்பின் ஒரே கோரில்தான் (கணக்கிடும் பகுதியில்தான்) ஓடும், அதனால் கோர் எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். ரேம் 1 ஜிபி போதும்.

என் முதல் ரிலே மெமரி கார்டால்தான் நின்றது. லாக் (நடப்பவற்றின் பதிவு) எழுதி எழுதியே கார்டு செத்துவிட்டது. ரிலேயை இன்னதென்று டாருக்குக் காட்டும் அடையாளச் சாவியும் அதோடு போயிற்று. அந்தச் சாவி இருக்கும் கீஸ் ஃபோல்டரை இன்றே வேறிடத்தில் நகலெடுத்து வையுங்கள். முடிந்தால் மெமரி கார்டுக்குப் பதில் எஸ்எஸ்டி டிரைவ் போடுங்கள்.

அப்புறம், வாங்கும் முன் உங்கள் இணைப்புக்குப் பொது ஐபி (வெளியிலிருந்து நேராக அணுகக்கூடிய இணைய முகவரி) உண்டா என்று இணைப்பு தரும் நிறுவனத்திடம் கேளுங்கள். இல்லையென்றால் ரிலே ஓடாது. எக்ஸிட் ரிலே (பிறர் தகவல் டாரைவிட்டுப் பொது இணையத்துக்கு வெளியேறும் கடைசி ரிலே) மட்டும் வீட்டில் வேண்டவே வேண்டாம்.