பதில்: மகன் இல்லாத பாலைவனத் தலைவரின் பட்டம் யாருக்கு?

வணக்கம். உங்கள் கதையில் ஒட்டகக் குடித் தலைவர் மகனில்லாமல் இறக்கிறார், பட்டம் தம்பி மகனுக்குப் போகிறது, 'ஏன் அவன்?' என்று படித்தவர்கள் கேட்கிறார்கள் என எழுதியிருந்தீர்கள். வம்சாவளியை இன்னும் நீட்ட வேண்டாம். பட்டம் கைமாறும் அந்த ஒரு நாளைக் காட்டுங்கள்.

நான் காரைக்குடிக்காரன். எங்கள் பக்கம் ஆண் வாரிசு இல்லாத நகரத்தார் வீட்டில் பிள்ளை கூட்டுவார்கள், அதாவது தத்தெடுப்பார்கள். எந்தப் பையனையும் கூட்டிவிட முடியாது. ஒரே கோவிலைச் சேர்ந்த பங்காளி வீட்டுப் பிள்ளையாக இருக்க வேண்டும். சின்ன வயதில் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது: வளவு, அதாவது வீட்டின் உள்முற்றம், நிறையப் பங்காளிகள், நடுவில் மஞ்சள் நீர் குடிக்கும் பையன், தூணோரம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பெற்ற அம்மா. அப்புறம் அவன் யார் மகன் என்று எவரும் கேட்கவில்லை. அத்தனை பேரும் பார்த்துவிட்டார்களே.

நாடோடிகளுக்கு வளவு ஏது? ஒட்டகத்தில் ஏற்றக்கூடிய ஒன்றுதான் சாட்சியாக வேண்டும். சகாராவின் துவாரெக் மக்களிடம் தலைமைக்கு அடையாளம் முரசு. அவர்களில் பல குழுக்களில் பட்டம் தாய்வழியில், உடன்பிறந்தாள் மகனுக்குப் போகும். அரபு நாடோடிகளான பதூவின்களிடம் ஷேக் என்னும் தலைவர் பதவி ஒரே குடும்பத்துக்குள் நிற்கும், ஆனால் மூத்த மகனுக்கே என்ற கட்டாயமில்லை. ஆளின் தகுதியையும் பார்ப்பார்கள்.

சரி, உங்கள் தலைவருக்கு ஓர் அக்காவைக் கொடுங்கள். முரசு அந்த அக்காவின் கூடாரத்தில் இருக்கட்டும். எல்லோரும் பார்க்க, தன் மகனைத் தாண்டிப் போய்த் தம்பி மகன் கையில் அவரே அதைக் கொடுக்கட்டும்.