அலுவலகத்தைக் கையோடு கொண்டுபோகிறவர்களுக்கு: கேள்வி பதில்

கோவையில் சிறு நிறுவனங்களுக்குக் கணினி வாங்கிக் கொடுப்பதும், அது கெட்டால் நள்ளிரவில் திட்டு வாங்குவதும் என் பிழைப்பு. அலுவலக மென்பொருளை வெளியிலிருந்து இயக்க எதை வாங்கலாம் என்று கேட்டவர்களுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். விலை மட்டும் கேட்காதீர்கள். எழுதி முடிப்பதற்குள் மாறிவிடுகிறது.

ஈரோட்டிலிருந்து ஒரு கணக்கர்: அண்ணா, ஐந்து கடைகளுக்கு டாலியில் கணக்கு எழுதுகிறேன். மடிக்கணினியைச் சுமந்து தோள் வலிக்கிறது. டேப்லெட்டும் ஒரு சிறிய விசைப்பலகையும் போதுமா?

போதாது தம்பி. டாலி பிரைம் விண்டோஸில்தான் ஓடும். ஆண்ட்ராய்டு டேப்லெட்டிலோ ஐபேடிலோ அதை நிறுவ முடியாது. சந்தா நடப்பில் இருந்தால் அறிக்கைகளை உலாவியில் பார்க்கலாம். அது முதலாளிக்கு உதவும், வவுச்சர் போடுகிற உங்களுக்கு உதவாது.

வீட்டுக் கணினியை ஓடவிட்டு, டேப்லெட்டிலிருந்து தொலைவழியாக இயக்கலாமே என்று அடுத்துக் கேட்பீர்கள். முடியும். ஆனால் விண்டோஸ் ஹோம் பதிப்பு அதன் சொந்த ரிமோட் டெஸ்க்டாப் வழியாக வெளியாரை உள்ளே விடாது; புரோ பதிப்பு வேண்டும். அதைவிட முக்கியம், ரிமோட் டெஸ்க்டாப் உள்ளே வரும் வாசலான 3389 என்ற போர்ட்டை இணையத்துக்கு நேரடியாகத் திறந்து வைக்கக் கூடாது. விபிஎன் என்கிற பூட்டிய தனிப்பாதை வழியாகத்தான் வர வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு ஜவுளி வியாபாரி அப்படித் திறந்து வைத்திருந்தார். ஒரு திங்கட்கிழமை காலையில் மூன்று வருடக் கணக்கும் பூட்டப்பட்டு, பணம் கேட்டு ஒரு கடிதம் மட்டும் திரையில் இருந்தது.

இத்தனையும் சரியாக அமைந்தாலும் விரல்கள் ஒத்துழைக்காது. டாலி எஃப்4, எஃப்5 என்று மேல்வரிசை விசைகளிலும் எண் பலகையிலும் வாழ்கிற மென்பொருள். டேப்லெட் உறையோடு வருகிற விசைப்பலகைகள் பலவற்றில் அந்த மேல்வரிசையே இருக்காது. ஒன்றரைக் கிலோவுக்குக் குறைவான 14 அங்குல மடிக்கணினி, 16 ஜிபி நினைவகம், தனியாக ஒரு யுஎஸ்பி எண் பலகை. இதுதான் உங்களுக்கு. பழைய கணினி வாங்கினால் இன்டெல் எட்டாம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. அதற்கு முந்தைய தலைமுறைகள், ஓரிரு விதிவிலக்குகள் தவிர, விண்டோஸ் 11-க்கான பட்டியலில் இல்லை.

அவரே மீண்டும்: நாள் முழுக்க பேட்டரி நிற்கும் என்று ஸ்நாப்டிராகன் மடிக்கணினியைக் காட்டுகிறார்கள். வாங்கலாமா?

பேட்டரி நிற்பது உண்மை. ஆனால் அது ஆர்ம் வகைச் சில்லு; நம் மென்பொருள்கள் பெரும்பாலும் இன்டெல் வகைக்கு எழுதப்பட்டவை. சாதாரண மென்பொருள்களை ஒருவாறு மொழிபெயர்த்து ஓட்டிவிடும். வெளிக்கருவிகளைக் கணினியோடு பேசவைக்கும் டிரைவர் மென்பொருள்களை அப்படி ஓட்ட முடியாது. ஜிஎஸ்டிக்கு டிஜிட்டல் கையொப்ப டோக்கன் செருகுவீர்கள் அல்லவா? அந்த டோக்கனுக்கு ஆர்ம் டிரைவர் இருக்கிறதா என்று விற்றவரிடம் கேளுங்கள். "இருக்கும் சார்" என்றால் வாங்காதீர்கள். கடையிலேயே செருகிக் காட்டினால் வாங்குங்கள்.

பொள்ளாச்சியிலிருந்து ஒரு மளிகை விநியோகஸ்தர்: எட்டுப் பேர் லைனுக்குப் போகிறார்கள். ஆர்டர் எடுக்கும் செயலி ஆண்ட்ராய்டில் இருக்கிறது. டேப்லெட் கொடுத்தால் கடைக்காரரிடம் மதிப்பாக இருக்கும் என்கிறான் மகன். வால்பாறை லைனில் சிக்னலும் இல்லை.

மகன் ஒரு நாள் லைனுக்குப் போய் வரட்டும். மளிகைக் கடை மேசையில் தராசுக்கும் மிட்டாய் பாட்டிலுக்கும் நடுவே பத்து அங்குல டேப்லெட் வைக்க எங்கே இடம்? நின்றபடி, ஒரு கையில் சரக்குப் பையோடு, மறு கைக் கட்டைவிரலால் எண்ணிக்கை போடுகிற வேலை இது. 6.5 அங்குலக் கைப்பேசிதான் சரி. எட்டுப் பேருக்கும் ஒரே மாடல், கூடவே உபரியாக ஒன்று. ஒன்று உடைந்த அன்று என்னை வாழ்த்துவீர்கள்.

சிக்னல் விஷயத்தில் கருவியைவிடச் செயலியைத்தான் சந்தேகிக்க வேண்டும். விமானப் பயன்முறையில் போட்டு முப்பது ஆர்டர் பதியுங்கள். கைப்பேசியை அணைத்து மறுபடி உயிர்ப்பியுங்கள். பிறகு சிக்னலைத் திறந்து, முப்பதும் அலுவலகத்துக்கு வந்ததா, எதுவும் இரண்டு முறை வந்ததா என்று எண்ணுங்கள். இந்தச் சோதனையில் தோற்கிற செயலியை எந்தக் கருவியில் போட்டாலும் மலையில் நிற்காது.

பில் அடிக்க 58 மில்லிமீட்டர் புளூடூத் பிரிண்டர் போதும். யாராவது ஐபோன் வைத்திருந்தால் எச்சரிக்கை: மலிவான பிரிண்டர்கள் பல அதோடு சேராது. வெப்பத் தாளில் அச்சான பில் வெயிலில் வெளுத்துவிடும் என்பதால் வாட்ஸ்அப்பிலும் ஒரு பிரதி அனுப்பச் சொல்லுங்கள். வண்டிக் கைப்பிடியில் கைப்பேசியை மாட்டிக்கொண்டு வெயிலில் ஓட்டுவதையும் நிறுத்துங்கள். ஐபோனை இயக்க உகந்த வெப்பம் 0 முதல் 35 டிகிரி வரை என்கிறது ஆப்பிள். நம் சித்திரை மதியம் அதை எப்போதோ தாண்டிவிடும்.

சென்னையிலிருந்து ஒரு கட்டடப் பொறியாளர்: தளத்தில் ஆட்டோகேட் வரைபடம் பார்க்க வேண்டும். கடினப் பயன்பாட்டு டேப்லெட் அவசியமா?

பார்க்கவும் குறிக்கவும் என்றால் டேப்லெட் நல்லது. வரையவும் வேண்டும் என்றால் மடிக்கணினிதான். உங்களை முதலில் தோற்கடிக்கப் போவது தூசியல்ல, வெயில். சாதாரண மடிக்கணினித் திரையின் வெளிச்சம் 250 முதல் 300 நிட்ஸ். மொட்டைமாடியில் அது முகம் பார்க்கும் கண்ணாடி. 500-க்குக் குறையாமல் எடுங்கள். கடை வாசலுக்கு வெளியே எடுத்துப்போய்ப் பாருங்கள். விட மாட்டேன் என்றால் வேறு கடை இருக்கிறது.

ஐபி67 போன்ற எண்ணில் முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. சிமென்ட் பறக்கிற இடத்தில் முதல் இலக்கம் 6 ஆக இருக்கட்டும். "ராணுவத் தரம்" என்று பெட்டியில் போட்டிருப்பதற்காகக் கூடுதல் விலை கொடுத்துவிடாதீர்கள். மில்-எஸ்டிடி-810 என்பது ஒரு சோதனை முறை. தயாரிப்பாளரே அதில் சிலவற்றைத் தேர்ந்தெடுத்துச் சோதித்துவிட்டு அப்படிச் சொல்லலாம். எந்தெந்தச் சோதனை என்று கேளுங்கள்.

ஐபேட் வாங்கினால் சிம் போடும் வகையை வாங்குங்கள். வைஃபை மட்டும் உள்ளதில் ஜிபிஎஸ் கிடையாது. படத்தோடு இடத்தையும் பதிய வேண்டிய உங்களுக்கு அது உதவாது.

மதுரையிலிருந்து ஓர் ஆடிட்டர் அலுவலகம்: எங்கள் எக்செல் மேக்ரோக்கள் (வேலையைத் தானாக முடிக்க எழுதிவைத்த கட்டளைகள்) ஐபேடில் ஓடுமா?

ஓடாது. ஆண்ட்ராய்டிலும் ஓடாது.

மருந்து நிறுவனப் பிரதிநிதி: பவர் பேங்கில் மடிக்கணினிக்கு ஏற்றலாமா? விமானத்தில் விடுவார்களா?

மடிக்கணினிக்கு டைப்-சி வழியே 45 அல்லது 65 வாட் தருகிற பவர் பேங்க் வேண்டும். கைப்பேசிக்கான 18 வாட்டைச் செருகினால் ஏறுவது போலப் பாவனை காட்டும். விமானத்தில் கைப்பையில் மட்டும். பதிவுப் பெட்டியில் கூடாது. கொள்ளளவு 100 வாட்-மணி வரை என்றால் தனி அனுமதி வேண்டியதில்லை. 20,000 எம்ஏஎச் என்பது ஏறக்குறைய 74 வாட்-மணி.

பொள்ளாச்சிக்காரர் மீண்டும்: கைப்பேசி தொலைந்தால் கடைக்காரர்களின் பாக்கிக் கணக்கெல்லாம் போய்விடுமே?

காவல் நிலையப் புகார் நகலோடு மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில், கைப்பேசிக்கே உரிய அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணைக் கொடுத்துத் தடுக்கலாம். அதனால் அந்தக் கைப்பேசி இங்கே எந்த நெட்வொர்க்கிலும் வேலை செய்யாது. ஆனால் உள்ளே இருக்கிற கணக்கு அழியாது; எடுத்தவர் கையில் அப்படியே இருக்கும். அதனால் கொடுக்கும் முன்பே திரைப்பூட்டு, தொலைவிலிருந்து அழிக்கும் வசதி இரண்டையும் போட்டுவிடுங்கள். பையன்களின் சொந்தக் கைப்பேசி என்றால் பணிச் சுயவிவரம் என்று தனி அறை மாதிரி ஒன்றைத் திறக்கலாம். அழித்தால் அது மட்டும் அழியும், அவர்கள் வீட்டுப் படங்கள் தப்பும். *#06# என்று அழுத்தினால் ஐஎம்இஐ எண் வரும். ஒன்பது கைப்பேசிகளுக்கும் எடுத்து ஒரு தாளில் எழுதிக் கல்லாப்பெட்டியில் போடுங்கள். போன முறை ஒருவர் அந்த எண்ணைத் தொலைந்த கைப்பேசியிலேயே குறித்து வைத்திருந்தார்.