பெரியப்பாவின் சிபாரிசு வேண்டாம், அம்மா

ஆண்டு 1896. இங்கிலாந்தின் டெவன் பகுதிக் கிராமம் ஒன்றில் குருவானவராக இருப்பவரின் மனைவி கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்: "மூத்த பையனுக்குப் பதின்மூன்று வயது. அவனுக்குக் கீழே மூன்று பிள்ளைகள். வீட்டு வருமானம் ஆண்டுக்கு 250 பவுண்டு. ஓய்வுபெற்ற கடற்படைக் கேப்டனான பெரியப்பா, கடற்படை அதிகாரிகளை உருவாக்கும் பிரிட்டானியா பயிற்சிக் கப்பலில் சேர்க்கச் சிபாரிசு வாங்கித் தருவதாகச் சொல்கிறார். வேண்டாம் என்றால் சொந்தபந்தமே பழிக்கும். பையனோ, அறுவடைக் காலத்தில் கதிரடிக்கும் நீராவி இயந்திரம் ஊருக்கு வந்தால் சாப்பாட்டுக்குக்கூட வீட்டுக்கு வருவதில்லை." அந்தத் தாய்க்கு என் பதில் இது.

அம்மா, உங்கள் கலக்கம் நியாயமானது. முதலில் கணக்கைப் பாருங்கள். டார்ட்மவுத்தில் நிற்கும் பிரிட்டானியாவில் ஆண்டுக் கட்டணம் 75 பவுண்டு. இரண்டு ஆண்டுக்கு 150. சீருடையும் மற்ற சாமான்களும் தனி. அதோடு செலவு தீர்ந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பயிற்சி முடித்துக் கப்பலேறும் இளம் அதிகாரியான மிட்ஷிப்மனுக்கு நாள் சம்பளம் 1 ஷில்லிங் 9 பென்ஸ் (12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு). ஆண்டு முழுக்கச் சேர்த்தாலும் 32 பவுண்டை எட்டாது. ஆகவே ஆண்டுதோறும் 50 பவுண்டு வீட்டிலிருந்து தர வேண்டும் என்று கடற்படைத் தலைமையகமான அட்மிரால்டியே நிபந்தனை வைத்திருக்கிறது. நான்கு ஆண்டு என்றால் இன்னும் 200. உங்கள் வருமானத்தில் இது மற்ற மூன்று பிள்ளைகளின் படிப்பைப் பிடுங்கித் தருவது. இதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

அதன் பிறகாவது நிம்மதியா? லெப்டினன்ட் ஆனால் நாளுக்கு 10 ஷில்லிங். அதற்கு மேல் கமாண்டர் பதவியும் கேப்டன் பதவியும் தேர்ந்தெடுத்துக் கொடுக்கப்படுபவை. விடுபட்டவர்கள் நாற்பத்தைந்து வயதில் லெப்டினன்டாகவே வீடு திரும்புகிறார்கள். கப்பல் கிடைக்காத மாதங்களில் அரைச் சம்பளம்தான். பெரியப்பா கேப்டனானவர், அவரோடு கடற்படையில் சேர்ந்து கேப்டனாகாமல் போனவர்களைப் பற்றி அவரிடமே கேளுங்கள்.

கடற்படையில் வேறு வழிகளும் உண்டு. மருத்துவர், கணக்கர் பிரிவுகள் எல்லோரும் அறிந்தவை. உங்கள் உறவினர் வாயில் வராத ஒன்றைத்தான் சொல்ல வருகிறேன். உங்கள் மாவட்டத்திலேயே, டெவன்போர்ட் கப்பல்கட்டுந்தளத்தை ஒட்டி, கீஹாம் என்ற இடத்தில் கடற்படைப் பொறியாளர் கல்லூரி 1880 முதல் நடக்கிறது. அங்கே யாருடைய சிபாரிசும் வேண்டாம். பொதுப் போட்டித் தேர்வு எழுதி நுழையலாம். பதினைந்து வயதுவரை பையன் உங்களோடு இருந்தே படிக்கலாம். படிப்பு ஐந்து ஆண்டு. வார்ப்படப் பட்டறை, கொதிகலன் பட்டறை, வரைபட அறை என்று தளத்தின் பட்டறைகளில் கையால் வேலை செய்ய வேண்டும். கணிதமும் இயற்பியலும் கூடவே நடக்கும். மிகச் சிறந்தவர்களைக் கிரீனிச்சில் உள்ள ராயல் நேவல் கல்லூரிக்கு மேற்படிப்புக்கு அனுப்புகிறார்கள்.

இன்றைய போர்க்கப்பலில் அவனுக்குக் காத்திருக்கும் வேலையைப் பாருங்கள். சென்ற ஆண்டு கடலில் இறக்கப்பட்ட பவர்ஃபுல் என்ற க்ரூசர் வகைப் போர்க்கப்பலில் பெல்வில் வகைக் கொதிகலன்கள் மட்டும் 48. பொறிகளின் ஆற்றல் 25,000 குதிரைத்திறன். சுக்கானைத் திருப்புவது பொறி, விளக்கெரிப்பது டைனமோ, கடல்நீரைக் குடிநீராக்குவது இன்னொரு பொறி, டார்பிடோவுக்குக் காற்றை அழுத்தி நிரப்புவது மற்றொன்று. இத்தனையையும் ஓடவைப்பவர் பொறியாளர். பாய்மரம் ஏறத் தெரிந்தவருக்கு இனி அந்தக் கப்பலில் என்ன வேலை இருக்கும் என்று எனக்குப் புரியவில்லை. கடற்படை பிடிக்காமல் போனாலும் டைன், கிளைடு ஆற்றங்கரைக் கப்பல்கட்டும் நிறுவனங்களில் இந்தக் கைத்தொழிலுக்கு மதிப்புண்டு.

குறையையும் மறைக்க மாட்டேன். பொறியாளரின் சட்டைக்கையில் பதவியைக் காட்டும் வரிகளுக்கு இடையே ஊதாத் துணி இருக்கும். மேல்வரியில், கப்பலை நடத்தும் பிரிவு அதிகாரிகளுக்கு உள்ள வளையம் இருக்காது. கப்பலுக்குத் தலைமை ஏற்க முடியாது. தன்கீழ் கொதிகலனுக்குக் கரி போடும் ஸ்டோக்கர்களைத் தண்டிக்கும் அதிகாரம்கூட இல்லை. உணவு மேசையில் சில கனவான்கள் எண்ணெய் வாடை என்று முகம் சுளிப்பார்கள். இது அநியாயம், மாற வேண்டியது. ஆனால் அந்த வளையத்துக்காக நான்கு பிள்ளைகளின் வீட்டைக் கடனில் தள்ளுவது அதைவிடப் பெரிய அநியாயம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பையன் ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டான். நீராவி இயந்திரத்தின் அருகே பசி மறந்து நிற்கும் பிள்ளையை, குடும்பப் பெருமைக்காகத் தொலைநோக்கியோடு மேல்தளத்தில் நிறுத்தாதீர்கள். ஒருவேளை கப்பலுக்குத் தலைமை ஏற்பதே தன் கனவு என்று அவன் வாயாலேயே சொன்னால் மறுபடியும் எழுதுங்கள். வேறு கணக்குப் போடுவோம். பெரியப்பா சொல்வது அதற்கு ஈடாகாது.

இந்த வாரம் செய்ய வேண்டியது: கீஹாம் தேர்வு விதிகளைக் கேட்டு அட்மிரால்டிக்குக் கடிதம் எழுதுங்கள். பள்ளியில் கணித ஆசிரியரைச் சந்தித்து, பையனின் அல்ஜீப்ராவும் வடிவியலும் எந்த நிலையில் இருக்கின்றன என்று கேளுங்கள். பெரியப்பாவுக்கு உங்கள் கணவரே நன்றி சொல்லி மறுப்புக் கடிதம் எழுதட்டும். அந்தப் பொறுப்பை உங்கள் தலையில் போட வேண்டாம்.