யூதமும் இஸ்லாமும் நடைமுறையில் ஏன் இவ்வளவு ஒத்திருக்கின்றன?

காரைக்குடியில் கறிக்கடைப் பலகைகளில் ‘ஹலால்’ என்று பார்த்திருப்பீர்கள். இஸ்லாத்தில் அனுமதிக்கப்பட்டது என்று பொருள். யூதர்களிடம் அந்த இடத்தில் நிற்கும் சொல் ‘கோஷர்’. இரண்டிலும் பன்றி விலக்கு; கூரிய கத்தியால் கழுத்தை அறுத்து இரத்தத்தை வடிக்க வேண்டும். யூத முறையில் அதன் பிறகும் இறைச்சியை நீரில் ஊறவைத்து, கல்லுப்பைத் தடவி, மிச்ச இரத்தத்தையும் இறக்குவார்கள். உயிர் இரத்தத்தில் இருக்கிறது என்கிறது யூதர்களின் வேதநூலான தோரா. குர்ஆனும் இரத்தத்தை உண்ணத் தடுக்கிறது.

காரணம் எளிது. இரண்டுமே ஆபிரகாமை, அதாவது இப்ராஹீமை, முன்னோராகக் கொண்டவை. உருவமற்ற ஒரே இறைவனுக்குக் கீழ்ப்படிவது சாப்பாட்டிலும் உடையிலும்கூடத் தெரிய வேண்டும் என்பவை. யூதருக்கு நாளுக்கு 3 வேளைத் தொழுகை, முஸ்லிம்களுக்கு 5. தொழுமுன் முஸ்லிம்கள் கை, முகம், கால் கழுவும் ஒளுவும் யூதர்களின் கை கழுவும் சடங்கும், பிள்ளையார்பட்டிக் குளத்தில் கால் நனைத்துவிட்டுக் கோயிலுக்குள் போகிறவருக்குச் சட்டென்று புரியும். அழுக்குப் போக மட்டுமா கழுவுகிறோம்? மனத்தைத் தயார்ப்படுத்தவும்தானே!

உடை அடக்கத்தை யூதர்கள் ‘ட்ஸ்னியூத்’ என்பார்கள், முஸ்லிம்கள் ‘ஹயா’ என்பார்கள். மரபு வழுவாத யூதப் பெண்கள் திருமணத்துக்குப் பின் தலைமுடியை மறைக்கிறார்கள்.

இந்த அடக்கம் பெண்களுக்கு மட்டும் என்று பலர் நினைப்பது தவறு: குர்ஆனின் 24ஆம் அத்தியாயம் பார்வையைத் தாழ்த்தும்படி முதலில் ஆண்களிடமே சொல்கிறது.