பெயரில் ‘நானோ’ இருந்தால்தான் சேர்க்க வேண்டுமா?

ஐயா,

ஒரு சொட்டு ரத்தத்தில் புற்றுநோயைக் காட்டிக்கொடுக்கும் மலிவு விலை பயோசென்சரைப் பற்றிப் படித்துவிட்டு, பிளஸ் டூ பயோ-மேத்ஸ் படிக்கும் உங்கள் மகள் அதே துறைக்குத்தான் போவேன் என்கிறாள். பி.டெக். நானோடெக்னாலஜியில் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். துறை நல்லதுதான். ஆனால் இளநிலையிலேயே நானோ வேண்டாம் என்பேன்.

முதலில் அந்த வேலை என்ன என்று பார்த்துவிடுவோம். மருந்துக்கடையில் விற்கும் கர்ப்பப் பரிசோதனை அட்டையில் தெரியும் சிவப்புக் கோடு பெரும்பாலும் தங்கத் துகள்தான். தங்கம் சில பத்து நானோமீட்டர் அளவில் இருந்தால் (மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர்), ஒளி பட்டதும் அதன் எலக்ட்ரான்கள் கூட்டமாக அசையும். இந்த அசைவுக்குப் பெயர்தான் பிளாஸ்மான். பச்சை ஒளியை அது விழுங்குவதால் சிவப்பாகத் தெரிகிறது. மேலே ஒரு புரதம் வந்து ஒட்டினால் நிறம் துளியளவு நகரும். கண்ணுக்குத் தெரியாத அந்த நகர்வை அளப்பதே பிளாஸ்மான் சென்சார். துகளுக்குப் பதில் மெல்லிய தங்கப் படலத்தையும் பயன்படுத்தலாம். 1983-லேயே ஸ்வீடனில் அப்படிச் செய்து காட்டிவிட்டார்கள்.

தங்கம் என்றதும் விலையை நினைக்க வேண்டாம். படலத்தின் தடிமன் சுமார் 50 நானோமீட்டர். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.1 மில்லிகிராம் போதும். காசைத் தின்பது ஒளியை அளக்கும் கருவி. அதனால்தான் டிவிடி தகட்டின் வரிப்பள்ளங்கள், எல்இடி, செல்போன் கேமரா என்று மாற்று தேடுகிறார்கள்.

உண்மையான தலைவலி ரத்தம். புராஸ்டேட் புற்றுநோய்க்குப் பார்க்கும் பி.எஸ்.ஏ. புரதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மில்லிலிட்டருக்கு 4 நானோகிராமைத் தாண்டினாலே டாக்டர்கள் கவனிக்க ஆரம்பிப்பார்கள். அதே மில்லிலிட்டரில், ரத்தத்தில் இயல்பாகவே நிறைந்திருக்கும் அல்புமின் என்ற புரதம் சுமார் 40 மில்லிகிராம், அதாவது ஒரு கோடி மடங்கு. அல்புமினும் தங்கத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். உப்புக் கரைசலில் சமர்த்தாக ஓடிய சென்சார் ரத்தம் பட்டதும் மக்கர் பண்ணுவது இதனால்தான். சரி, அளந்துவிட்டோம் என்றே வைத்துக்கொண்டாலும், வயதானவர்களுக்குச் சாதாரண புராஸ்டேட் வீக்கத்திலும் பி.எஸ்.ஏ. ஏறும். கருவி எண்ணைச் சொல்லும், நோயைச் சொல்லாது.

ஆக, இந்த வேலைக்கு ஒளியியல், மேற்பரப்பு வேதியியல், உயிர்வேதியியல், கொஞ்சம் எலக்ட்ரானிக்ஸ் எல்லாம் வேண்டும். நான்கு வருடத்தில் எல்லாவற்றையும் தொட்டுப் போவதைவிட ஒன்றில் ஆழமாகக் கால் ஊன்றுவது மேல். பி.எஸ்சி. இயற்பியல் அல்லது வேதியியல் படித்து ஜாம் தேர்வு எழுதினால் ஐஐடிகளில் எம்.எஸ்சி. சேரலாம். இன்ஜினியரிங்தான் என்றால் பயோமெடிக்கல் அல்லது ஈ.சி.இ. (எலக்ட்ரானிக்ஸ்-கம்யூனிகேஷன்). நானோவை முதுநிலையில் பிடித்துக்கொள்ளலாம். வேலைக்கு ஆள் எடுப்பவர்களுக்கும் இந்தப் பட்டங்கள் பழக்கமானவை. படிக்கும்போது அவள் மனசு மாறினாலும் வேறு வழி திறந்திருக்கும்.

ஆராய்ச்சி என்றால் பிஹெச்.டி. வரை போக வேண்டும். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால், 2023 முதல் உள்ள விகிதப்படி முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. சீக்கிரம் சம்பாதிக்க வேண்டிய வீடு என்றால் அதை இப்போதே அவளிடம் பேசிவிடுங்கள். பரிசோதனை கிட் தயாரிக்கும் கம்பெனிகளில் தரக்கட்டுப்பாடு, உரிமம் சார்ந்த வேலைகளுக்குப் பிஹெச்.டி. தேவையில்லை.

அப்புறம், கவுன்சலிங்குக்கு முன் கல்லூரியை நேரில் போய்ப் பாருங்கள். ஒளியை நிறம் பிரித்து அளக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டரைப் பூட்டி வைத்திருக்கிறார்களா, இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளைத் தொட விடுகிறார்களா என்று அங்கே படிப்பவர்களிடமே கேளுங்கள்.